இரும்புத்தோல்

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இரும்புத்தோல் என்றால்தான் தெரியும். தொழில் தோட்டவேலை. வேலி வெட்டுவார், புல் செதுக்குவார், பழமரங்களுக்குக் கிளை கழிப்பார். ஆனால் பட்டப்பெயர் வந்தது அரிப்புக் கொடியால். மும்மூன்று இலையாக விட்டுச் சுவரிலும் மரத்திலும் ஏறிப் படரும் அந்தக் கொடியைக் கண்டால் மற்ற தோட்டக்காரர்கள் பத்தடி தள்ளித்தான் நிற்பார்கள். அதன் பால் பட்ட இடம் மறுநாளோ அதற்கு மறுநாளோ சிவந்து தடித்து, கோடுகோடாக நீர்க்கொப்புளம் எழும்பும். இரண்டு மூன்று வாரம் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். இவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வெறுங்கையால் பிடித்து இழுப்பார்.

"அது என்கிட்ட வாலாட்டாது," என்று முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக் காட்டுவார். பார்த்தால் நிஜமாகவே ஒரு கீறல் இருக்காது.

நான் அவர்களுக்கு அடுத்த வீடு. தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவன். அப்படிப்பட்டவன், தினமும் கண்ணெதிரே நடந்ததைக் கவனிக்காமல் கோட்டைவிட்ட கதை இது. அதற்காக யாரும் என் கடைக்கு வராமல் இருந்துவிட வேண்டாம்.

இரும்புத்தோலின் மனைவியை நாங்கள் ரொட்டியக்கா என்போம். அடுத்த தெரு ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். விடிவதற்கு முன்னால் போய்விட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வருவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று உண்டு. அதன் மேல் வாரத்தில் நாலு நாளாவது எனக்கு ஒரு ரொட்டி வந்து உட்காரும். வெந்து வெடித்து வடிவம் கோணலாகிப்போனதால் விற்பனைக்கு வைக்க முடியாத ரொட்டி. கோணலோ நேரோ, அந்த ரொட்டியைச் சூட்டோடு பிய்த்தால் வருகிற வாசனைக்கு நான் அடிமை. கடையில் மாவு பிசைய மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் முந்தின நாள் மாவில் ஒரு பிடி எடுத்துவைத்து, மறுநாள் மாவில் கலந்து, அது போதுமா இன்னும் கொஞ்ச நேரம் பிசைய வேண்டுமா என்று உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்கிற உரிமை அக்காவுக்கு மட்டும்தான்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் இரும்புத்தோலின் தங்கை. புருஷன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் எட்டு மாதம் கடல். அதனால் அண்ணன் வீட்டோடு இருந்தாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்வது அவள் வேலை. காற்று எங்கள் பக்கம் அடித்தால், நாலாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்று அவள் குரல் என் கடைவரைக்கும் வந்துவிடும். மைக்கு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். வீட்டில் அவள் மைக்கு இல்லாமல் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் இரும்புத்தோலுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் பின்பக்கச் சுவர், முன்னூறு அடி நீளம், முழுவதும் அரிப்புக் கொடி. பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்று சுத்தம் செய்யச் சொன்னார்கள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இவர் ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தார். அடியில் வெட்ட வேண்டும், ஒரு வாரம் வாடவிட வேண்டும், பிறகு இழுத்து மூட்டை கட்டிக் குழியில் புதைக்க வேண்டும். எரிக்கவே கூடாது, புகை மூச்சில் போனால் ஆளையே கவிழ்த்துவிடும் என்றெல்லாம் எனக்கும் பாடம் நடத்தினார்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அவர் வீடு திரும்புவார். பின்வாசல் படியில் ஒரு நாற்காலி. அதற்கெதிரே கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி. அவர் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கிப் பெட்டியின் மேல் வைப்பார். அக்கா முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பூட்ஸ் லேஸை அவிழ்க்க ஆரம்பிப்பார். கல்யாணமான இரண்டாவது வருஷம் அவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாதம் குனிய முடியாமல் கிடந்தாராம். அப்போது தொடங்கிய வழக்கம். பதினெட்டு வருஷமாக நடக்கிறது. கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், ஒவ்வொன்றிலும் எட்டு ஜோடி ஓட்டை. அவசரப்பட்டால் ஒரே நிமிடத்தில் அவிழ்த்துவிடலாம். அக்காவுக்குக் கால்மணி நேரம் ஆகும்.

"கிழக்குப் பக்கம் முடிஞ்சுதா?"

"முக்கால்வாசி. வேரு இருக்கு பாரு, என் தொடை மொத்தம்."

"உங்க தொடையா? அப்ப சின்ன வேருதான்."

"நீ வந்து இழுத்துப் பாரு, தெரியும்."

"நான் இழுக்கறது போதாதா. இன்னைக்கு நாப்பது கிலோ மாவு. அந்தப் புதுப் பொண்ணு உப்பு போட மறந்துட்டா. அடுப்புல வைக்கறதுக்கு முந்தி மோந்து பாத்துக் கண்டுபிடிச்சேன்."

"உப்பு எப்படி மோந்து பாத்தா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. உங்க மூக்குல மண்ணு."

இப்படியே போகும். சுவருக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒட்டுக்கேட்பதென்று சொல்ல முடியாது. அவர்கள் ஒன்றும் ரகசியம் பேசவில்லை.

கொடி வேலை தொடங்கிப் பத்து நாள் இருக்கும். அக்காவின் விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தது. முதலில் கொசு என்றார்கள். மறுநாள் மணிக்கட்டின் உள்பக்கம் சிவந்து, கடுகு கடுகாகக் கொப்புளம் கட்டிவிட்டது. முடியை ஒதுக்குகிற பழக்கத்தால் நெற்றியிலும் ஒரு கோடு.

மைக்கு பார்த்த மாத்திரத்தில் அண்ணன்மேல் பாய்ந்தாள்.

"இது உன் கொடிதான். தொட்டுட்டு வந்து அண்ணி மேல ஒட்டியிருக்க."

"எனக்கே ஒண்ணும் பண்ணலயே. என்கிட்ட இருந்து அவளுக்கு எப்படிப் போகும்?"

"உனக்குத் தோல் எருமைத் தோல். அண்ணிக்கு அப்படியா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மனிதர் நல்லவர். மறுநாளே பள்ளிக்கூடக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தார். வேலை உடுப்பைக் கழற்றி அங்கேயே ஒரு பையில் போட்டுக் கட்டிவைத்தார். துவைத்த சட்டை, துவைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தார். கத்தரிக்கோல், மண்வெட்டி எல்லாம் அங்கேயே பூட்டிவைத்தாயிற்று. வீட்டுக்குள் நுழையும்போது உள்ளங்கைகளை விரித்து மைக்குக்கு முன்னால் நீட்டுவார். அவள் மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்து, சரி போ என்பாள்.

இரண்டு வாரம் இப்படி நடந்தது. அக்காவின் கை ஆறவில்லை. ஒரு கொப்புளம் காய்ந்தால் பக்கத்தில் இரண்டு புதிதாக வந்தன.

"பாத்தியா," என்றார் இரும்புத்தோல். "கொடி இல்லைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்." குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு யார்மேல் பழி போடுவது? மைக்கு வாங்கி வந்திருந்த வாசனை சோப்பின்மேல் விழுந்தது. அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சோப்பைப் பஸ் நிலையத்துக்கு எடுத்துப்போய்விட்டாள். அடுத்தது பூனை. கண்ட இடத்தில் புரண்டுவிட்டு வந்து அக்கா மடியில் படுக்கிறது, அதன் முடியில் என்ன இருக்கிறதோ என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து பூனையைக் குளிப்பாட்டினார்கள். இரும்புத்தோலின் கையில் முதல் தடவையாக ஏகப்பட்ட கீறலைப் பார்த்தது அன்றைக்குத்தான். பூனை இரண்டு நாள் என் வீட்டில் தங்கிவிட்டுப் போனது. அக்காவின் கை அப்படியேதான் இருந்தது.

ரொட்டிக்கடை முதலாளியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் கொப்புளக் கையை மாவில் வைக்க எந்தக் கடையில்தான் விடுவார்கள்? அவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை அக்காவே என்னிடம் சுவரோரம் நின்று சொன்னார்.

"'முதல்ல டாக்டரைப் பாரு. ஒரு மாசம் வீட்ல இரு. அப்பவும் கை சரியாகலைன்னா, மாவு பக்கம் வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும். நீ முன்னாடி கல்லாவுல உக்காந்து ரொட்டி சுத்திக் குடுக்கலாம்'னு சொன்னாங்க."

"சரிதானே அக்கா. வேலை போகலையே."

"கண்ணாடி அண்ணே, உங்களைக் கண் பாக்க வேண்டாம், ஃபிரேமைத் துடைச்சு வைங்கன்னு சொன்னா சரிதானேன்னு சொல்வீங்களா?"



டாக்டரம்மா நல்ல வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செடி கொடி ஏதாவது தொட்டீர்களா என்றும் கேட்டிருக்கிறார். நான் தோட்டத்துக்கே போவதில்லை என்று அக்கா சொன்னார். அது உண்மை. புருஷன் கொடி பிடுங்குகிறார், ஆனால் குளித்துவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருகிறார் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். அப்படியானால் மாவு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம், இருபது வருஷம் பிசைந்தவர்களுக்குக்கூடத் திடீரென்று வரும், மூன்று வாரம் மாவைத் தொடாமல் இருந்து பாருங்கள் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மாவு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வார்த்தையை அக்காவால் விழுங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் லேஸ் அவிழ்க்கும்போது இரும்புத்தோல்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"கல்லாவுல உக்காந்தா என்ன? நிழல். ஃபேன் இருக்கு. காலு வலிக்காது."

"ம்."

"விடியறதுக்கு முந்தி எந்திரிக்க வேணாம்."

"ம்."

"இந்தா, ஏதாவது பேசு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"அது என் கையிலயே வளந்த மாவுங்க," என்றார் அக்கா. "அதுக்கு என்னைப் பிடிக்கலைன்னு ஒருத்தங்க சொன்னா, நான் என்ன பேசறது?"

அவர் குனிந்து அக்காவின் தலையில் கை வைத்தார். சுத்தமான கை, சோப்புப் போட்டுக் கழுவிய கை. நான் செடிக்கு ஊற்றிய தண்ணீர் வழிந்து என் செருப்பை நனைத்த பிறகுதான் வாளியை நிமிர்த்தினேன்.

முதல் பத்து நாள் மாவைத் தொடாமல் இருந்தும் கை ஆறவில்லை. இதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, ஒரு பயமும் இருந்தது. மாவு இல்லை என்பது சந்தோஷம். மாவும் இல்லை, சோப்பும் இல்லை, பூனையும் இல்லை, கொடியும் இல்லையென்றால், தன் ரத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று அக்கா முடிவு கட்டிக்கொண்டதுதான் பயம். மாதம் பாதி ஓடிவிட்டது. கடையில் புதுப் பெண் மாவு பிசைகிறாள். அவளுடைய ரொட்டியைச் சுவர்மேல் யாரும் வைக்கவில்லை, நானே காசு கொடுத்து வாங்கினேன். செங்கல்லைச் சுட்ட மாதிரி இருந்தது. இதை அக்காவிடம் சொன்னபோது அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா அக்காவின் இரண்டு கைக்கும் களிம்பு பூசி, விரல்நுனி வரைக்கும் துணிக்கட்டுப் போட்டு அனுப்பினார். அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பெட்டிமேல் வைத்த இரும்புத்தோல், கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துவிட்டுக் காலைக் கீழே இறக்கினார்.

"வை அண்ணே காலை," என்றாள் மைக்கு. "ஒரு நாள் நான் அவுத்துவிடறேன். ராஜாவுக்கு உபசாரம் நிக்கக் கூடாதில்ல."

"உனக்கு அவுக்க வராது."

"ஆமா, இது பெரிய வித்தை."

உண்மையிலேயே அவளுக்கு வரவில்லை. எதை இழுத்தாலும் முடிச்சு இறுகியது. நகத்தால் சுரண்டினாள். நகம் உடைந்தது.

"மெதுவா. வலது கண்ணியை முதல்ல தளத்து," என்று அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும் அண்ணி," என்று சொல்லிவிட்டு மைக்கு குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். லேஸ் அவிழ்ந்துகொண்டது.

"சீ, என்ன கருமம் பிடிச்ச வேலை," என்று அக்கா முகம் சுளித்தார். மைக்கு வெற்றிக் களிப்பில் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை காலை நான் கடையைத் திறந்து கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காற்று இந்தப் பக்கம் அடித்தது. பஸ் நிலையத்திலிருந்து வந்த குரல் எனக்குப் பிடிபடவில்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு யாரோ பேசுவது போலிருந்தது. நாலாம் நடைமேடை என்றது மட்டும் விளங்கியது. பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று ஒருவருக்கும் புரிந்திருக்காது. பதினொரு மணிக்கு அறிவிப்பு நின்றுபோனது. பன்னிரண்டுக்கு மைக்கு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

பின்வாசலில் அக்கா அவள் கைக்குட்டையை விலக்கி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் இரண்டும் வீங்கி, ஓரத்தில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம்.

"உனக்குமா?" என்றார் அக்கா.

"சிரிக்காதீங்க அண்ணி. டிப்போ மேனேஜர் வந்து, தொண்டையில என்னன்னு கேக்கறாரு. பயணிங்க எல்லாம் தப்புத் தப்பா ஏறிட்டாங்க."

"நான் எங்க சிரிக்கறேன்." அக்கா நிஜமாகவே சிரிக்கவில்லை. உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையைக் காட்டு."

கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் அதே கொப்புளம்.

"என் களிம்பைத் தொட்டியா?"

"இல்ல."

"என் டம்ளர்ல குடிச்சியா?"

"என் டம்ளர்தான்."

"உதட்டுல வந்திருக்குன்னா உதட்டுல ஏதோ பட்டிருக்கணும். ரெண்டு நாளா என்ன தின்ன, எதைக் கடிச்ச, யோசிச்சுச் சொல்லு."

"நேத்து ரொட்டி. ரெண்டு வாழைப்பழம். முந்தாநாள் அந்த அவிச்ச கடலை. அப்புறம்..." மைக்கு நிறுத்தினாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த மரப்பெட்டியைப் பார்த்தோம்.

"லேஸு," என்றாள் மைக்கு.

 தினமும் கொடியை மிதித்து, கொடியில் உரசி, அதன் பாலில் ஊறிய லேஸ். அந்தப் பால் காய்ந்தால் கறுத்துப்போகும் என்று எனக்கே இரும்புத்தோல் பாடம் நடத்தியிருக்கிறார். பழுப்பு லேஸ் ஒரு மாதத்தில் கறுப்பானதை நானும் பார்த்தேன். பாலிஷ் என்று நினைத்தேன். மனிதர் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்து, வெளுத்த உடுப்பை மாட்டிக்கொண்டு, கடைசியில் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அதைத்தான் அக்கா தினமும் கால்மணி நேரம் விரல்விரலாக அவிழ்த்திருக்கிறார்.

"மாவு இல்ல," என்றார் அக்கா. இன்னொரு தடவையும் சொன்னார். "மாவு இல்ல." அப்படியே முக்காலியில் உட்காரப்போனவர், அதிலும் பட்டிருக்குமோ என்று பயந்து நின்றுகொண்டே அழுதார். மைக்கும் வீங்கின வாயோடு அழுதாள். இரண்டு பேர் அழும்போது நான் மட்டும் நின்றுகொண்டிருப்பது நன்றாக இல்லையென்று சுவரேறிக் குதித்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அன்று மத்தியானம் நான் கடைக்குத் திரும்பவே இல்லை. ஐந்தேகாலுக்கு இரும்புத்தோல் வந்தபோது பின்வாசலில் மூன்று பேர் வரிசையாக நின்றிருந்தோம்.

"என்ன, யாருக்கு என்ன ஆச்சு?"

"அங்கயே நில்லுங்க," என்றார் அக்கா. "குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

"சட்டை?"

"மாத்தியாச்சு. என்ன புதுசா கேக்கற?"

"பூட்ஸு?"

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு மைக்குவின் உதட்டைப் பார்த்தார். பிறகு அக்காவின் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார்.  இத்தனை வருஷம் அடுத்த வீட்டில் இருக்கிறேன், அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

"நான்தானா," என்றார். "இத்தனை நாளா நான்தான் கொண்டாந்து உன் கையில குடுத்திருக்கேனா."

"தெரிஞ்சா குடுத்தீங்க."

"பெரிய இரும்புத்தோல்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"இப்ப அதை விடுங்க. முதல்ல அதைக் கழட்டி எறிங்க."

அவர் வாசல் கல்லில் உட்கார்ந்தார். வலது காலை மடக்கி இடது தொடைமேல் போட்டு, லேஸை இரண்டு இழு இழுத்தார். அவிழ்ந்துவிட்டது. அடுத்த கால். அதுவும் அவிழ்ந்துவிட்டது. முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதுகு ஒரு முனகல் முனகவில்லை.

மைக்கு விடுவாளா?

"அண்ணே, ஒரு சந்தேகம். அண்ணி எப்பவும் விடியறதுக்கு முந்தி கடைக்குப் போயிடுவாங்க. காலையில உனக்கு லேஸு யாரு கட்டிவிடறா?"

இரும்புத்தோல் பூட்ஸுக்குள் எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துபோயின.

"நானேதான் கட்டிக்கறேன்," என்றார் கடைசியில்.

"பதினெட்டு வருஷமாவா?"

"முதுகு அப்பவே சரியாயிடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதாக்கும்," என்றார் அக்கா. "வீட்ல யாரும் இல்லாதப்ப பூட்ஸுக்குத் தானா முடிச்சு விழுமா? உள்ள போயி கையைக் கழுவுங்க. சோப்புப் போட்டு."

பூட்ஸ், லேஸ், மரப்பெட்டி, முக்காலி எல்லாவற்றையும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்தார் இரும்புத்தோல். லேஸை மட்டும் தேய்க்கவில்லை, குழி தோண்டிப் புதைத்துவிட்டார். வாசற்படியையும் நாற்காலிக் கால்களையும் கழுவினார். பூனை தூரத்தில் உட்கார்ந்து, அடுத்தது நாம்தானோ என்று பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு மைக்குவின் உதட்டைப் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினாராம். அப்புறம் இரண்டு பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மைக்கு ஒரு வாரம் அறிவிப்பு செய்யாமல் பஸ் நிலையத்தில் முன்பதிவுச் சீட்டு எழுதினாள். தெரு கொஞ்சம் அமைதியாக இருந்தது.

அக்காவின் கை ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. புதுக் கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. பழையது காய்ந்து தோலுரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது விடியற்காலை கடைக்குப் போனார். முதலாளியம்மா விளக்கடியில் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களைப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த பழைய ஏப்ரனை எடுத்து அக்கா கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். அன்று மத்தியானம் சுவர்மேல் ரொட்டி வந்தது. வெடிக்காத, கோணலில்லாத, முதல்தர ரொட்டி.

"இது விக்கற ரொட்டியாச்சே அக்கா."

"இன்னைக்கு ஒண்ணும் கோணலா வரலை. நான் என்ன பண்றது," என்று சிரித்தார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் பக்கத்து வீட்டுக்காரன், எனக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

இரும்புத்தோல் வேலைக்கென்று லேஸே இல்லாத முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கிப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டார். வீட்டுக்கு வரச் செருப்பு. ஐந்தேகாலுக்கு வருவார், வாசலில் செருப்பை உதறுவார், நேரே உள்ளே போய்விடுவார். நாற்காலியும் பெட்டியும் முக்காலியும் கூடத்து மூலைக்குப் போய்விட்டன. வேலை சுத்தம், வீடு சுத்தம். ஆனால் அந்த நேரத்துக்கு அக்கா ஏதோ மறந்ததைத் தேடுகிறவர் போலப் பின்வாசலுக்கு வந்து நிற்பார். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். ஈரம் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவார்.

"மேற்குப் பக்கம் எவ்வளவு முடிஞ்சுதாம்?" என்று ஒரு நாள் சும்மா கேட்டேன்.

"தெரியலையே கண்ணாடி அண்ணே," என்றார் அக்கா. "அவர் சொல்லலை. நானும் கேக்கலை. சாப்பிடற நேரத்துல மைக்குதான் பேசறா."

அவர் முகத்தில் வருத்தம் என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. கை ஆறிவிட்டது, மாவு திரும்பக் கிடைத்துவிட்டது, இதற்கு மேல் என்ன கேட்பது என்று அவரே நினைத்திருப்பார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள், ஐந்து மணி இருக்கும். கடையில் ஆள் இல்லை. எதிரே ரோட்டோரப் பெஞ்சில் இரும்புத்தோல் வந்து உட்கார்ந்தார். குளித்த தலை, வெளுத்த சட்டை. கையில் ஒரு துணிப்பை. வீட்டுக்கு இன்னும் அறுபது தப்படிதான் இருக்கிறது. இங்கே எதற்கு உட்காருகிறார் என்று பார்த்தேன். பையிலிருந்து புத்தம்புது கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடியை எடுத்தார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ஷூவை மாட்டிக்கொண்டு, காலைத் தூக்கிப் பெஞ்சின் விளிம்பில் வைத்து, வெள்ளை லேஸை ஓட்டை ஓட்டையாக இழுத்து இறுக்கினார். ஒரு முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொன்று. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவதும் போட்டார். இழுத்துப் பார்த்தார். அடுத்த காலுக்கும் அப்படியே.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லையே. லென்ஸுல தூசி."

எழுந்து நடந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தவர் போல இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார்.

நான் கடையைச் சாத்திவிட்டு, சந்து வழியாக என் வீட்டுப் பின்பக்கம் போய், வாளியில் தண்ணீர் பிடித்தேன். செடிகளுக்குக் காலையிலேயே ஊற்றியாயிற்று. அதனாலென்ன, கோடைதானே. சுவருக்கு அந்தப் பக்கம் மரப்பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இது என்னங்க முடிச்சு, இப்படிப் போட்டிருக்கீங்க?"

"எனக்கென்ன தெரியும். நடக்கும்போது தானா இறுகியிருக்கும்."

"தானா மூணு முடிச்சு விழுமா?"

"என்னை ஏன் கேக்கற. எனக்குத்தான் குனிய முடியாதே."

அக்கா முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டார். முதல் முடிச்சை நகத்தால் நெருடித் தளர்த்தியபடி, "சரி, மேற்குப் பக்கம் எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டார்.